வெங்காய எண்ணெயும் நட்சத்திரச் சாட்சியும்

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர் பக்கத்து வயல்களில் விளையும் சின்ன வெங்காயம் தமிழ்நாடு முழுக்கச் சமையலறைக்குப் போகிறது. விலை சரிந்துவிட்டால் பறிகூலிக்கும் கட்டுப்படியாவதில்லை. அதே வெங்காயத்தின் பெயரை ஒட்டிய தலைமுடி எண்ணெய், பெரம்பலூர் கடைத்தெருவிலும் அரியலூர் மெடிக்கல்களிலும் சீசா சில நூறு ரூபாய்க்குப் போகிறது. அதை வாங்க வைப்பது வெங்காயம் அன்று, விளம்பரத்தில் இடுப்புவரை கூந்தலைச் சுழற்றிக் காட்டும் நடிகை. அவ்வளவு பெரிய ஆள் மட்டமான பொருளுக்குத் தன் பெயரைக் கொடுப்பாரா என்ற நம்பிக்கை நம் ஊர்களில் கேள்வியே இல்லாமல் நிற்கிறது. படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள் வீட்டிலும் அதுதான் நிலை. இந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒரு கூந்தல் பொருளில் என்ன இருக்கிறது என்பதைத் தயாரிப்பாளர் சுற்றி வளைக்காமல் சொல்லியாக வேண்டிய இடம் ஒன்றுதான்: சீசாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியல்.

முகத்தை நம்பினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் வழக்கே நடந்திருக்கிறது. கேரளத்தில் ஒருவர் 2012இல் 376 ரூபாய் கொடுத்து 'தாத்ரி' கூந்தல் கிரீம் வாங்கினார். நடிகர் அனூப் மேனன் நடித்த விளம்பரம் சொன்னபடி முடி வளரவில்லை என்று திருச்சூர் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். விசாரணையில் நடிகர் ஒப்புக்கொண்டது என்ன? அந்தக் கிரீமைத் தாம் பயன்படுத்தியதே இல்லை என்றும், தம் தாயார் காய்ச்சித் தரும் எண்ணெயைத்தான் தேய்ப்பதாகவும். நிறுவனத்துக்கும் நடிகருக்கும் தலா 10,000 ரூபாய் தண்டம் விதித்த அந்தத் தீர்ப்பு 2021 தொடக்கத்தில் நாடெங்கும் செய்தியானது. ஒரு நடிகரைக் குற்றம் சொல்வதற்காக இதை நான் எடுக்கவில்லை. விளம்பரத்தில் நடிப்பதும் நடிப்புத்தான், பொருளைச் சோதித்துப் பார்த்தோம் என்ற சான்று அதில் இல்லை என்பது நீதிமன்றப் பதிவாகவே இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கு 10 லட்சம் ரூபாய்வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம்வரை தண்டத்துக்கு இடம் வைத்திருக்கிறது. புகழ்பெற்றவர்கள் தாமாகவே சரிபார்த்துப் பேசுகிறவர்களாக இருந்திருந்தால் இப்படி ஒரு பிரிவு எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. பிரியங்கா சோப்ராவின் 'அனாமலி' 2022இல் இந்தியக் கடைக்கு வந்தது. பியோன்சேயின் 'சேக்ரெட்' 2024இல் அமெரிக்காவில் வந்தது. இவர்கள் நடிப்பதோடு நிற்காமல் தம் பெயரிலேயே விற்கிறார்கள், அக்கறை இருக்கத்தானே செய்யும் என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் விற்கிறவரின் அக்கறை ஆதாரம் ஆகாது. அவர்களுடைய சீசாவையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

திருப்பினால் என்ன தெரியும்? நம் அழகுசாதன விதிகள் 2020இன்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ந்த பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். எது அதிகமோ அது முதலில். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவுமாகச் சேர்ந்தவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். இந்த ஒரு விதி தெரிந்தால் போதும், விளம்பரம் பாதி கரைந்துவிடும். கூந்தல் எண்ணெய் பலவற்றின் பட்டியலில் முதலில் நிற்பது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் லைட் லிக்விட் பாரஃபின், அல்லது சூரியகாந்தி, எள் போன்ற நாம் தாளிக்கும் எண்ணெய். பாரஃபின் விஷம் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அது முடியை வழவழப்பாக்கும், சிக்கெடுக்க உதவும். ஆனால் பாதாம் படம் போட்டு, நெல்லிக்காய்ப் படம் போட்டு விற்கும் சீசாவில் பெரும்பங்கு அதுதான் என்றால், வாங்குகிறவர் காசு கொடுத்தது எதற்கு? முன்பக்கத்தில் படமாக இருக்கும் வெங்காயம் பின்பக்கத்தில் வாசனைப்பொருளுக்கும் கெடாமல் காக்கும் பொருளுக்கும் அருகில் ஒதுங்கியிருக்கும். அழகுசாதனங்களில் ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பாதுகாப்புப் பொருளுக்கு உச்ச வரம்பு ஒரு சதவீதம். ஆகவே பட்டியலில் அதற்குப் பின்னால் வரும் மூலிகை எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது என்று துணிந்து சொல்லலாம். 'ஆனியன் பிளாக் சீட்' என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பிளாக் சீட் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் நைஜெல்லா சட்டைவா, அதாவது நம் கருஞ்சீரகம். வெங்காயத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. ஆயுர்வேத மருந்து உரிமத்தோடு வரும் எண்ணெய்களில் 10 மில்லிக்கு இன்ன மூலிகை இத்தனை மில்லிகிராம் என்று அளவே போட்டிருப்பார்கள். அந்த எண்களைப் படித்தால் கரிசலாங்கண்ணி எவ்வளவு, அதைச் சுமக்கும் எண்ணெய் எவ்வளவு என்பது வெளிச்சமாகும்.

வெங்காயத்துக்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதை முழுமையாகச் சொல்ல வேண்டும். 2002இல் பாக்தாதில் தோல்நோய் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், 23 பேர் பச்சை வெங்காயச் சாற்றை நாளுக்கு இருமுறை தேய்த்தார்கள். ஆறு வாரத்தில் 20 பேருக்கு முடி முளைத்தது. வெறும் தண்ணீர் தேய்த்த 15 பேரில் இருவருக்குத்தான் முளைத்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் புழுவெட்டு நோயாளிகள். வட்டவட்டமாகச் சொட்டை விழும் அந்த நோய், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் முடிவேரையே தாக்குவதால் வருவது. பலருக்குத் தானாகவே சரியாவதும் உண்டு. புழுவெட்டில் சின்ன வெங்காயம் தேய்க்கும் நம் வீட்டுப் பழக்கத்துக்கு இந்தச் சிறிய ஆய்வு ஓரளவு துணை நிற்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். வாசனை சேர்த்த எண்ணெயில் துளி வெங்காயச் சத்து கலந்து, பொதுவான முடி உதிர்வுக்கு விற்பதற்கு இது எப்படி ஆதாரமாகும்? நோயும் வேறு, பொருளும் வேறு, அளவும் வேறு.

இனி வலுவான மறுப்பு: "எனக்குப் பலித்ததே, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பலித்ததே." இதைப் பொய் என்று தள்ள முடியாது, அவர்கள் கண்டது உண்மை. ஆனால் காரணம் வேறு. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. டெங்கு, கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை இவற்றுக்குப் பின் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிரும். பயந்துபோய் எண்ணெய் வாங்குவது அப்போதுதான். அந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே நின்று முடி திரும்ப முளைக்கும். உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொண்டதன் பெருமை சீசாவுக்குப் போய்விடுகிறது. தானே நிற்காத உதிர்வுக்குப் பின்னால் பலமுறை இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டுக் கோளாறோ இருக்கும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. இரத்தப் பரிசோதனைக்கும் கீரைக்கும் முட்டைக்கும் போக வேண்டிய பணம் எண்ணெய்க்குப் போகிறது. வேரிலேயே வேலை செய்வதாக மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மினாக்சிடில் மருந்தைப் பாருங்கள், 2 சதவீதமா 5 சதவீதமா என்று முன்பக்கத்திலேயே போட்டிருக்கும். உண்மையில் வேலை செய்கிற பொருளின் அளவை யாரும் ஒளித்துவைப்பதில்லை. மாறாக, 'முடி உதிர்வு குறையும்' என்ற ஷாம்பூ விளம்பர வாசகத்தின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். கீழே தேடினால் 'முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு' என்று பொடியாக எழுதியிருக்கும். வேரோடு விழும் முடிக்கு அந்த வாக்குறுதி பொருந்தாது.

அரியலூர் சுண்ணாம்புப் பூமி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, முடி கொட்டுவதற்கு அந்தத் தண்ணீரே காரணம் என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள். கோயம்புத்தூர் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் கடினநீரில் நனைத்த முடியின் வலிமையில் வேறுபாடு தெரியவில்லை. பிற்காலத்து வேறோர் ஆய்வு வலிமை குறைவதாகச் சொன்னது. இரண்டுமே முடித்தண்டைப் பற்றியவை, வேரைப் பற்றியவை அல்ல. சோப்புப் போட்டால் இந்தத் தண்ணீரில் பிசுபிசுப்புப் படியும் என்பது மட்டும் உறுதி. பட்டியலில் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. இருக்கிற ஷாம்பூ தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அரியலூர்க்காரருக்கு உண்மையில் பயன்படும் செய்தி இதுதான். எந்த நடிகையும் இதைச் சொல்லப் போவதில்லை.

ஆங்கில ரசாயனப் பெயர்களைப் படிக்கச் சாதாரண மக்களால் ஆகுமா என்பது நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. முதல் மூன்று பெயரையும், விளம்பரத்தில் கூவிய பொருள் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்தால் போதும். ஆனால் இந்தக் கேள்வியின் பாரம் மக்கள்மேல் விழக் கூடாது. 60 மில்லிக்குக் குறைந்த திரவப் பொட்டலங்களுக்குச் சேர்மானப் பட்டியலே தேவையில்லை என்று விதியே விலக்கு தருகிறது. 1983இல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பூ போன்றவை ஒரு ரூபாய், ஐம்பது காசுப் பொட்டலத்தில்தான் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. நடிகை அமலா அதன் விளம்பரத்தில் வந்த பிறகு விற்பனை பெருகியது. இன்றும் வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்குவது அந்தப் பொட்டலங்களே. பெரிய சீசா வாங்குகிறவருக்குப் பட்டியல் பார்க்கும் உரிமை, பொட்டலம் வாங்கும் கூலித்தொழிலாளிக்கு வெறும் முகம் மட்டும் என்பது அநீதி. இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும். பட்டியல் தமிழிலும் வர வேண்டும்.

அரப்பும் சீயக்காயும் மட்டும் ஒசத்தியா என்றால், அவற்றையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அவை அழுக்கைக் கழுவும். முடியை முளைக்க வைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பொடி வாங்கும்போதும் கலப்பு என்ன என்று கேளுங்கள்.

விளம்பரம் சொன்னது நடக்கவில்லை என்றால் பில்லையும் சீசாவையும் எறியாதீர்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய்வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம்.