கடற்பயணமும் கடமை நேரமே

தாதியர் தினமான மே 12 வந்தால் தாதியரை மேடையேற்றித் தேவதைகள் என்று வாழ்த்துகிறோம். வாழ்த்துரைகளில் ஆளணி பற்றி ஒரு சொல்லும் இல்லாதது எரிச்சலூட்டுகிறது. 2025 மார்ச்சில், இலங்கை வரவுசெலவுத் திட்டம் மேலதிக நேரக் கொடுப்பனவில் கைவைத்ததை எதிர்த்துத் தாதியர் போராடியதை வெறும் பணச் சண்டையாகப் பார்த்தவர்கள் உண்டு. ஆளில்லாத இடத்தை இருக்கிறவரின் உடம்பைக்கொண்டு நிரப்புவதுதான் மேலதிக நேரம். அதன் விலையை நோயாளியும் கொடுக்கிறார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிண்டா எய்க்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாதி ஒருவரின் பொறுப்பில் சத்திரசிகிச்சை நோயாளி ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் பகலில் நோயாளர் நால்வருக்குத் தாதி ஒருவர், இரவில் எழுவருக்கு ஒருவர் என்று சட்டமாக்கியது.

ஆனால் அந்த விகிதத்தை அப்படியே யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவு வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தால் தீவுதான் தோற்கும். விடுதியில் இரண்டு நோயாளர்தானே, ஒரு தாதி தாராளம் என்று விகிதம் சொல்லிவிடும். ஆளணிக் கணக்கு பிழைத்துப்போவது தீவுக்குப் படகு புறப்படும் குறிகாட்டுவான் துறையில்தான். வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஒருவர் 40 மணித்தியாலம் வேலை செய்தால், எந்நேரமும் ஒரேயொரு தாதி இருப்பதற்கே நால்வருக்கு மேல் வேண்டும். லீவையும் சேர்த்தால் ஐவர். இரவில் ஒரு கர்ப்பிணியை யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப நேர்ந்தால், சுமார் ஒரு மணித்தியாலக் கடல், பிறகு தரைவழி. கூடவே தாதி போனால் விடுதியில் யார்? போகாவிட்டால் படகில் யார்? சோளகம் எழும்பிய நாளில் போனவர் உடனே திரும்பவும் முடியாது. ஆகவே ஒரு நேரத்துக்கு இருவர் என்பது தீவில் ஆடம்பரமே அல்ல. நயினாதீவில் நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் அதுவும் போதாது.

நோயாளர் குறைந்த இடத்தில் ஆட்களைச் சும்மா இருத்துவதா என்று கேட்பார்கள். தீயணைப்புப் படையை நெருப்பில்லாத நாள்களைக் காட்டி யாரும் குறைப்பதில்லை. தீவுக்குப் போகத் தாதியர் விரும்புவதில்லை என்பது இன்னொரு வாதம். தனியாளாக இரவுக் கடமை, மாற்றாள் வராவிட்டால் மறுநாளும் அதே கடமை என்றால் யார் விரும்புவார்? ஆளைக் கூட்டி, நல்ல தங்குமிடமும் படகில் உறுதியான இடமும் கொடுத்துவிட்டு அவர்களிடம் கேட்கட்டும். தீவுப்பகுதியிலேயே ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இல்லை. ஆளணியைத் தீர்மானிப்போர் கட்டில்களை எண்ணும்போது, நோயாளியோடு தாதி கடலில் செலவிடும் மணித்தியாலங்களையும் எண்ணவேண்டும்.