லவ்-1 இல்லாத புழு

பி.காம். படித்தவனுக்குப் புழு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தப் புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். பிரச்னை மட்டும் வாலிபப் பிரச்னை.

1999-ல் கலிஃபோர்னியாவில், கால்டெக்கின் மோரீன் பாரும் பால் ஸ்டெர்ன்பெர்கும் சில விசித்திர ஆண் புழுக்களைப் பற்றி எழுதினார்கள். ஜோடி வந்து உரசினாலும் இவை கண்டுகொள்ளாது. கண்டுகொண்டாலும் சேரவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். பழுதான ஜீனுக்கு வைத்த பெயர் லவ்-1. சத்தியமாக! ஆனால் காதல் இல்லை, ஓர் இடத்தின் பெயர்ச் சுருக்கம். எந்த இடம் என்று எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

அந்த ஜீன் தருகிற புரோட்டீன், புழுவின் உணர்வு நரம்பு நுனியிலுள்ள சீலியம் என்ற நுண்ரோமத்தில் இருக்கிறது. நம் உடம்பில் அதன் ஒன்றுவிட்ட அண்ணன், பாலிசிஸ்டின்-1. இது பழுதானால் காதலில் தகராறு வராது. இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டி கட்டியாக வரும்.

கிட்னிக் குழாய்களில் பெரும்பாலான செல்களுக்கு ஆளுக்கொரு சீலியம். 1898-லேயே சிம்மர்மன் பார்த்துச் சொல்லிவிட்டார். அப்புறம் நூறு வருஷம் அதை ரிட்டயர்டு ஆசாமி மாதிரிதான் நடத்தினார்கள். அதன் மேலுறையில் பாலிசிஸ்டின்-1 ஒன்று, பாலிசிஸ்டின்-2 மூன்று, சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. சிறுநீர் ஓட்டத்தில் ரோமம் வளைந்து, செல்லுக்குள் கால்சியம் மூலம் சேதி அனுப்புகிறது என்றது 2003-ல் ஒரு கோஷ்டி. அதெல்லாம் இல்லை என்றது 2016-ல் இன்னொரு கோஷ்டி. புரோட்டீன் கெட்டால் கட்டி வரும் என்பதில் மட்டும் சண்டையில்லை.

அப்பா, அம்மா ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீதம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தனி டாஸ். அண்ணனுக்கு வந்துவிட்டது, தம்பி தப்பித்தான் என்ற கணக்கே கிடையாது.

என் நண்பனுக்கு வயது 32. பி.பி. ஏறியதற்கு மானேஜரைத் திட்டிக்கொண்டிருந்தான். அவன் அப்பா டயாலிசிஸில் இருந்து இறந்தவர். ஸ்கேன் எடுத்தால், இரண்டு பக்கமும் கட்டி. மானேஜர் நிரபராதி!

இந்த வியாதியில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 60 வயதுக்குள் கிட்னி ஓய்ந்துவிடுகிறது. பி.பி.யை அடக்கி வைத்தால் கொஞ்சம் நாள் தள்ளும். டோல்வாப்டான் என்ற மாத்திரை வேகத்தைக் குறைக்கும். ராத்திரி பூரா தாகமும் பாத்ரூமுமாக அலையவேண்டும்.

"தேவைப்பட்டா என்னோடதை எடுத்துக்கோண்ணே" என்றான் தம்பி. வயசு 27.

"முதல்ல நீ ஸ்கேன் எடுத்துட்டு வாப்பா" என்றார் டாக்டர்.

ஸ்கேன் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அம்மா தேதியை மாற்றச் சொல்கிறாள். தம்பி மாட்டேன் என்கிறான்.