மடிப்பில்லாத பத்து டாலர்

தாய்லாந்தின் ரனோங்கில் படகேறி முகத்துவாரத்தைக் கடந்தால் மியான்மரின் கவ்தாங். தாய்லாந்தில் தங்கும் காலத்தை நீட்டிக்க நினைத்த வெளிநாட்டவர் பல ஆண்டுகள் இங்கே வந்து, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு உடனே திரும்பினார்கள்.

கட்டணம் 10 அமெரிக்க டாலராக இருந்தது. இல்லையென்றால் 500 தாய்லாந்து பாட். டாலர் ஏறத்தாழ 30 பாட்டுக்கு விற்ற நாட்களிலும் அதே 500தான்! டாலர் நோட்டும் புத்தம் புதிதாக இருக்க வேண்டியிருந்தது. நடுவில் மடிப்புக்கோடு விழுந்திருந்தாலோ, ஓரத்தில் பேனா மை பட்டிருந்தாலோ செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப்போனார்கள்.

தெரியாதவர் தலையில் கூடுதலாக 200 பாட் கட்டுவது அநியாயம். தாய்லாந்து எல்லையிலுள்ள கம்போடியாவின் பொய்பெட்டில் 30 டாலர் விசாவுக்கு 1,200 பாட் கேட்டதும் இதே வழக்கம்தான். டாலரில் கட்டணம் வைக்கும் நாடு, அன்றைய மாற்று விகிதத்தையும் ஜன்னலிலேயே ஒட்டி, வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும்.