சொல்லின் வேரும் வழக்கும்

ஆங்கிலத்தில் 'செட்' என்றொரு வினைச்சொல் உண்டு. மூன்றே எழுத்துகளால் ஆகிய இச்சொல் மிக எளியதாகத் தோன்றும். ஆயினும், 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிகுதியான இடத்தைப் பெற்ற சொல் இதுவே. அங்கு இதற்கு 400க்கும் மேற்பட்ட பொருள்கள் வகுக்கப்பட்டுள்ளன.

இதனை அறிந்த மாணவர் சிலர் மலைத்து நிற்பர். வேறு சிலர் பொருள்களைப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்ய முற்படுவர். அவ்வாறு பெற்ற அறிவு தேர்வு முடியும்வரையேனும் நிற்குமா என்பது ஐயமே. சொல்லைக் கற்கும் முறை அதுவன்று.

முதலில் வேரைக் காணல் வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'சிட்டன்' என்பது அமர்தலையும், 'செட்டன்' என்பது அமர்த்துதலையும் குறித்தன. அவையே இன்று 'சிட்' என்றும் 'செட்' என்றும் வழங்குகின்றன. நம் மொழியில் தன்வினையாகிய 'அமர்' என்பதற்கும் பிறவினையாகிய 'அமர்த்து' என்பதற்கும் உள்ள உறவே இவற்றிற்கும் உண்டு. இதனை உணர்ந்தால் பல பொருள்கள் தாமே விளங்கும். பொன்னில் மணியைப் பதித்தலும், முறிந்த எலும்பை உரிய இடத்தில் பொருத்துதலும், கடிகார முள்ளைச் சரியான நேரத்தில் நிறுத்துதலும் அமர்த்துதலின் வகைகளே அல்லவா? குழைத்த சிமெண்டு இறுகுதலும் ஒருவகை அமர்தலே.

எனினும், வேர் ஒன்றே போதும் என்று எண்ணிவிடலாகாது. 'ஒரு செட் புத்தகம்' என்கிறோமே, தொகுதியைக் குறிக்கும் அப்பெயர்ச்சொல் வேறு வழியில் வந்தது. இலத்தீனில் தோன்றிப் பழைய பிரெஞ்சு வாயிலாக ஆங்கிலம் புகுந்த அச்சொல்லோடு, வினையின் பொருளும் பின்னர்க் கலந்தது. 'செட் அவுட்' என்றால் புறப்படுதல் என்று பொருள். அமர்த்துதல் எங்கே, புறப்படுதல் எங்கே! இத்தகைய இடங்களில் வழக்கே நமக்கு ஆசிரியன்.

மீன் பிடிக்கிறோம், குழந்தை அடம் பிடிக்கிறது, இரும்பில் துருப் பிடிக்கிறது, நல்லிசை நமக்குப் பிடிக்கிறது. இப்பொருள்களை நாம் எந்தப் பட்டியலில் படித்தோம்? பேசியும் கேட்டும் பழகியே அறிந்தோம். பிறமொழியையும் அவ்வாறே கற்றல் வேண்டும். தனிச்சொல்லை நெட்டுருச் செய்யாமல், அது வாழும் தொடர்களைப் படித்துப் பழகுவோமாக. அகராதி வழிகாட்டும், நடக்க வேண்டியவர் நாமே.