நாகூருக்கு சந்தனக்கட்டை மட்டும் போதுமா?

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் காட்டமாவே எழுதப் போறேன். பிடிக்காதவங்க பின்னூட்டத்துல வந்து திட்டிட்டுப் போங்க :-)

மத்திய அரசோட 'பிரசாத்' திட்டத்துக்கு முதல்ல தேர்வான 12 ஊர்கள்ல வேளாங்கண்ணி உண்டு. 2015-ல வந்த 'ஹிருதய்' திட்டத்தோட 12 ஊர்கள்லயும் உண்டு. சந்தோஷம். அங்கேருந்து 15 கி.மீ. சொச்சத்துல இருக்கிற நாகூர்? ரெண்டு பட்டியல்லயும் கிடையாது. தர்காங்கிறதால விட்டுட்டாங்கன்னும் சொல்ல முடியாது, அஜ்மீர் ரெண்டுலயும் இருக்கே! வேளாங்கண்ணிக்கு வர்ற சனம் அப்படியே நாகூருக்கும் போயிட்டு வருது. ஜனங்களுக்கு ஒரே பயணம், திட்டம் போடறவங்களுக்கு மட்டும் ரெண்டு உலகம்.

மாநில அரசு கந்தூரிக்கு சந்தனக்கட்டை கொடுக்குது. நல்ல மரபுதான். ஆனா கந்தூரி 14 நாள். மிச்சம் 350 நாளும் வர்றவனுக்கு கழிப்பறை, குடிதண்ணி, நியாயமான வாடகையில ஒரு ரூம் வேணாமா?

"ஒரு மதத்தோட இடத்துக்கு ஏன்யா அரசுப் பணம்?" என்பார்கள். அந்த தர்காவோட 131 அடி உயர மினாராவை 18-ஆம் நூற்றாண்டுல கட்டினவர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். அவருக்கு வராத சந்தேகம் நமக்கு ஏன் வருது? "தர்கா வழிபாடே மார்க்கத்துல இல்லை" என்று இன்னொரு தரப்பு. அது அவங்க விவாதம், தாராளமா நடத்தட்டும். கழிப்பறைக்கு அகீதா கிடையாது சாமி!

அதுக்காக அலங்கார வளைவு, கலர் லைட்டு, அமைச்சர் பேர் போட்ட கல்வெட்டு, இதையெல்லாம் வளர்ச்சின்னு சொல்லாதீங்க. ஏர்வாடி ஞாபகம் இருக்கா? 2001 ஆகஸ்ட் 6. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை ஓலைக் கொட்டகையில சங்கிலி போட்டு வச்சிருந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. கூட்டம் வர்ற இடத்துல யார் தங்க வைக்கிறாங்க, எப்படி வைக்கிறாங்கன்னு யாருமே பார்க்கலைன்னா அதுதான் நடக்கும். சாப்ட்வேர்ல டெஸ்டிங் பண்ணாம ரிலீஸ் பண்ணினா புரோகிராம் படுத்துக்கும். இங்கே உயிர் போகும். ஆகவே முதல் செலவு தங்கும் விடுதிகளுக்குப் பதிவு, தீயணைப்பு சோதனை, மருத்துவ வசதி. லைட்டெல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு. சிங்கப்பூர்ல நம்மூர் ஆளுங்க 1828-30-ல நாகூர் ஆண்டவர் நினைவா ஒரு தர்கா கட்டினாங்க. 1974-ல அதை தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சாங்க, 2011-ல இந்திய முஸ்லிம் மரபு மையமாவும் திறந்தாங்க. நினைவா கட்டினதுக்கே அவ்வளவு மரியாதைன்னா, 16-ஆம் நூற்றாண்டு மகான் அடங்கியிருக்கிற அசல் ஊருக்கு நாம எவ்வளவு செய்யணும்? கடல் தாண்டிப் போன மரைக்காயர்கள், வணிகம், பாட்டுன்னு சொல்ல அங்கே எவ்வளவு கதை இருக்கு!

யாத்ரீகன் ஒரு ராத்திரி கூடுதலா தங்கினா அல்வாக் கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் அன்னைக்கு அடுப்பு எரியும். அவங்கள்ல எல்லா மதத்துக்காரங்களும் இருக்காங்க. சந்தனக்கட்டையோட கடமை முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்க இதுக்கு பதில் சொல்லட்டும்.

நீங்க என்ன சொல்றீங்க?