‘எக்லெஸ்’ என்பது விடையன்று

உணவு ஒவ்வாமை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மவரிடம் ஒரு பெருமிதம் தலைகாட்டுகிறது. மேலைநாட்டில் முட்டை ஒவ்வாத குழந்தைக்குப் பிறந்தநாள் கேக் தேடி அலைய வேண்டும். நமக்கோ தெருவுக்குத் தெரு ‘எக்லெஸ்’ கிடைக்கிறது. ஆகவே இது நம் சிக்கலே அன்று என்பது அவ்வாதம். ஆய்வாளர்களும் இதைச் சொல்லக் கேட்கிறேன். ஸ்ரீராம்புரத்துப் பேக்கரி ஒன்றின் கண்ணாடிப் பெட்டிமுன் ஐந்து நிமிடம் நின்றால் இவ்வாதம் நிலைக்காது.

பெங்களூரின் ஐயங்கார் பேக்கரி மரபு, 1898இல் சிக்பேட்டையில் திருமலாச்சார் தொடங்கிய பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரியிலிருந்து கிளைத்தது. அம்மரபு முட்டையை விலக்கியது ஆசாரத்தின் பொருட்டு. எக்குழந்தையின் மூச்சுக்குழலின் பொருட்டும் அன்று. அதில் குற்றம் காண்பது என் நோக்கமில்லை. ஆனால் விலக்கிய முட்டையின் இடத்தில் என்ன வந்தது? இன்றைய முட்டையில்லாக் கேக்குகளில் பெரும்பாலும் தயிரோ, டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பாலோ வந்தது. பால் ஒவ்வாத குழந்தைக்கு இக்கேக் சாதாரணக் கேக்கைவிடக் கேடானது. மேலும், ‘ஐயங்கார்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகள் பலவற்றில் இன்று முட்டை பப்ஸும் விற்பனையாகிறது. கேக்கையும் பப்ஸையும் எடுக்கும் இடுக்கி ஒன்றே.

உண்மையான ஆபத்து அலங்காரத்தில் இருக்கிறது. முட்டை ஒவ்வாமையுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர், கேக்கினுள் நன்கு வெந்த முட்டையைத் தாங்கிக்கொள்வர் என்று மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. வெப்பம் அப்புரதத்தின் வடிவைக் குலைத்துவிடுகிறது. (இதை வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது, மருத்துவர் முன்னிலையில் மட்டுமே சோதிக்கலாம்.) அலங்காரமோ அடுப்பிலிருந்து இறக்கிய பின் நிகழ்வது. ராயல் ஐசிங்கில் வேகாத முட்டை வெண்கரு இருக்கிறது. பாதாமில் செய்ய வேண்டிய மார்சிபானை நம் ஊரில் முந்திரியில் செய்கிறார்கள். சாக்லேட் துருவலில் பாலும் சோயாவும் உள்ளன. இளஞ்சிவப்பு ரோஜாக்களாகப் பிழியப்படும் விப்டு கிரீம் ‘பால் கலவாதது’ என்ற பெயரில் டப்பாவில் வந்தாலும், அவ்வகைக் கிரீம்கள் பலவற்றில் சோடியம் கேசினேட் சேர்க்கப்படுகிறது. அது பாலின் புரதமேதான். போதாக்குறைக்கு, கிரீம் பிழியும் நாசில், பூசும் கத்தி, கேக்கை வைத்துச் சுழற்றும் தட்டு ஆகிய மூன்றும் ஒரு கேக்கிலிருந்து அடுத்ததற்கு அப்படியே போகின்றன.

இப்பகுதிக் கடை ஒன்றில் கிரீமில் பால் உண்டா என்று கேட்டேன். “பியூர் வெஜ்தாங்க, பயப்படாம வாங்குங்க” என்று பதில் வந்தது. அந்த ஊழியரை நான் குறை கூறமாட்டேன். ‘பியூர் வெஜ்’ என்பதே எல்லா அச்சங்களுக்கும் மருந்து என அவருக்குக் கற்பித்தது அரசும் சமூகமும்தான். பொதியுணவில் பச்சைப் புள்ளிக்கான விதி 2001இலேயே அறிவிக்கப்பட்டது. பால், முட்டை, மீன், நிலக்கடலை உள்ளிட்ட எட்டு வகை ஒவ்வாமைப் பொருள்களை அறிவிக்க வேண்டும் என்ற விதியோ 2020ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளில்தான் வந்தது. உண்பவரின் ஆசாரத்தைக் காக்க விரைந்த அரசு, அவர் உயிரைக் காக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாமதித்தது. அவ்வொழுங்குமுறைகளின்படியும் மத்திய உரிமம் பெற்ற, அல்லது 10 இடங்களுக்குக் குறையாமல் கிளைகள் கொண்ட உணவகங்களே ஒவ்வாமைத் தகவலைக் காட்சிப்படுத்தக் கடமைப்பட்டவை. ஸ்ரீராம்புரத்தின் ஒற்றைக் கடைகள் இதற்கு வெளியே நிற்கின்றன.

சைவ வாடிக்கையாளர் தனி அடுப்பு, தனி எண்ணெய், தனிக் கரண்டி கேட்டால் எவரும் நகைப்பதில்லை. கடைக்காரர் செய்து கொடுக்கிறார், விளம்பரமும் செய்துகொள்கிறார். பால் ஒவ்வாத குழந்தையின் தாய் தனி நாசில் கேட்டால் “கொஞ்சூண்டு பட்டா என்னம்மா ஆகும்?” என்கிறோம். பிரித்து வைக்கும் திறன் நம்மிடம் இல்லாமலில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயின்ற கலை அது. தீட்டுக்கு அஞ்சிப் பயன்படுத்திய அக்கலையை உயிருக்கு அஞ்சிப் பயன்படுத்த மறுக்கிறோம்.

‘வீகன்’ கேக் தீர்வாகாதா என்று கேட்போர் உண்டு. அதன் கிரீம் பெரும்பாலும் முந்திரி, பாதாம், சோயா ஆகியவற்றால் ஆனது. கொட்டைகள் ஒவ்வாதவருக்கு அதுவும் நஞ்சு. விலையும் இத்தெருக்களில் வாழ்வோர்க்கு எட்டாது.

‘இது பணக்காரர் நோய்’ என்ற ஏளனம் மற்றொன்று. யூரோபிரிவால் திட்டத்தின்கீழ் கர்நாடகத்தில் பெரியவர்களிடையே நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. நான்கில் ஒருவருக்கு மேல் ஏதேனுமோர் உணவுக்கு எதிரான ஐஜிஇ குருதியில் காணப்பட்டது. ஆனால் ஒவ்வாமை இருக்கக்கூடியவர் 1.2 விழுக்காட்டினரே. குறைவுதான். குறைவு என்பதாலேயே கடைக்காரர் அதைக் கண்டிருக்கமாட்டார், ஆசிரியர் அடையாளம் காணமாட்டார்; தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனாவும் இங்கு எளிதில் கிடைப்பதில்லை. பிரிட்டனில் 2016இல் நடாஷா எட்னன் லாப்ரூஸ் என்ற 15 வயதுச் சிறுமி, மாவில் கலந்திருந்த எள்ளால் இறந்தாள். கடையிலேயே தயாரித்துப் பொதிவதற்கு முழு விவரச்சீட்டு தேவையில்லை என்ற ஓட்டை அங்கும் இருந்தது. 2021 அக்டோபரில் அவள் பெயரால் வழங்கும் சட்டம் அதை அடைத்தது. நமது எட்டு வகைப் பட்டியலில் எள் இன்றும் இல்லை.

தீட்டைப் பற்றி நம் துறைகளில் எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. பிறந்தநாள் மேசையில் தட்டின்றி அமர்ந்திருக்கும் குழந்தையைப் பற்றி அவற்றில் ஒரு பத்தி உண்டா? உணவுப் பண்பாட்டு ஆய்வு என்ற பெயரில் கருத்தரங்கு கூட்டுவோர், இடைவேளையில் பரிமாறும் கேக்கில் என்னென்ன உண்டு என ஒரு தாளிலேனும் எழுதி வைக்கட்டும். பத்துக் கிளை வரம்பை நீக்கக் கோரி உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுவோம். கடைக்காரரிடம் கேட்பதும் பெரிதன்று: பொருள்களை எழுதிய ஒரு கரும்பலகை, தனியாக இரண்டு நாசில், ஒவ்வாமை என்று சொல்லி வரும் கேக்கைக் காலையில் மேசை கழுவியதும் முதல் வேலையாகச் செய்வது. கிரீம் இல்லாமல் அழகில்லை என்பார்கள். இந்நகரத்து ஹனி கேக்கின் மேற்பரப்பு ஜாமும் உலர்தேங்காய்த் துருவலும்தான். அதைவிட வேகமாகத் தீர்ந்துபோகும் கேக் இத்தெருக்களில் இல்லை.