புது மருந்தின் பாதி வரலாறு வார்டில் எழுதப்படுகிறது

மருந்தின் அளவும் பக்கவிளைவும் தெரிந்தால் போதாதா, அது பிறந்த கதை செவிலிய மாணவருக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். செவிலிய ஆசிரியர்களான எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: அந்தக் கதையிலிருந்துதான் மருந்தியல் பாடமே தொடங்க வேண்டும். சோதனைக் கட்டங்களின் பெயர்களை ஒப்பித்து மதிப்பெண் வாங்குவதோடு அது முடிந்துவிடக் கூடாது.

ஒரே ஒரு மருந்தை முழுதாகச் சொல்லிக்கொடுத்தால்கூடப் போதும். பெடாகுவிலினைப் பரிந்துரைக்கிறோம். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான மாத்திரை அது. பெல்ஜியத்தில் கோயன் ஆன்ட்ரீஸின் குழு, காசநோய்க் கிருமிக்கு உறவான, வேகமாக வளரும் வேறொரு கிருமியின்மேல் ஏராளமான வேதிப்பொருள்களைச் சோதித்துப் பார்த்தது. கிருமி தனக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்கும் நொதியையே முடக்கும் பொருள் ஒன்று கிடைத்தது. 2005இல் அது ஆய்விதழில் வெளியானது. 2012 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதுவும் மூன்றாம் கட்டச் சோதனைக்குக் காத்திராமல், இரண்டாம் கட்ட முடிவுகளை வைத்தே. வேறு வழியில்லாத நோயாளிகளுக்காக எடுத்த அந்த முடிவு சரியானதுதான். ஆனால் 160 பேர் பங்கேற்ற சோதனையில் இந்த மருந்து பெற்றவர்களில் 10 பேரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2 பேரும் இறந்திருந்தார்கள். இறப்புக்கு மருந்துதான் காரணமா என்பது தெளிவாகவில்லை. ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீள்வதும் தெரிந்தது. இந்தியாவில் 2016இல் ஆறு மையங்களில் மட்டும், கண்காணிப்போடு, கொடுக்கத் தொடங்கினார்கள். சென்னையும் அவற்றில் ஒன்று.

அந்தக் கண்காணிப்பில் பெரும்பகுதி செவிலியரின் கையில் இருக்கிறது. சாப்பாட்டோடு கொடுத்தால் இந்த மருந்து ஏறக்குறைய இரு மடங்கு உடலில் சேரும். வெறும் வயிற்றில் விழுங்கவிட்டால் பாதி வீண். உடலை விட்டு நீங்கும்போது இதன் அரை ஆயுள் சுமார் ஐந்தரை மாதம். மாத்திரையை நிறுத்திய மறுநாளே கவலை தீர்ந்தது என்று யாரும் இருக்க முடியாது. கதை தெரிந்த மாணவிக்கு இதையெல்லாம் உருப்போட வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் வகுப்பில் சொல்லப்பட வேண்டும். 10,000 பேரில் ஒருவருக்கு வரும் விளைவை ஒருமுறையாவது பார்த்துவிடுவோம் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல, ஏறக்குறைய 30,000 பேருக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டும். ஒப்புதலுக்கு முந்தைய சோதனைகளில் பெரும்பாலும் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். அரிய விளைவு முதலில் படுவது, இரவுப் பணியில் இருக்கும் ஒரு சிஸ்டரின் கண்ணிலாக இருக்கலாம்.

2010இலிருந்து இந்தியாவில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. பக்கவிளைவைத் தெரிவிக்கும் அதன் படிவத்தைச் செவிலியரே நிரப்பி அனுப்பலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும். நோயாளியின் முழுப்பெயரும் வேண்டாம், முதலெழுத்துகளே போதும். அனுப்புவது யாருடைய தவறையும் ஒப்புக்கொள்வதாகாது. ஆகவே ஒவ்வொரு மாணவரும் மருந்தியல் பாடம் முடிவதற்குள் வார்டில் ஆசிரியரோடு அமர்ந்து ஒரு படிவத்தையாவது நிரப்பிப் பழக வேண்டும். தெரிவித்ததற்காக எந்தச் செவிலியரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது என்று மருத்துவமனை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மாணவர்களே, அந்தத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருந்து அறையின் சுவரில் எழுதி வையுங்கள்.